100 படுக்கை மருத்துவமனை: டெண்டர் நிபந்தனைகள் குறித்துக் குடியிருப்போர் அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் பகுதிக் குடியிருப்போர்,
பெங்களூரு – 560 008.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
சுகாதாரம் மற்றும் குடும்ப நலச் சேவைகள்,
ஆரோக்ய சௌதா, மாகடி சாலை,
பெங்களூரு – 560 023.

பொருள்: புதிய மருத்துவமனையைக் கட்டி நடத்துபவரைத் தேர்ந்தெடுக்கும் டெண்டரில் தரத்துக்கான நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் 100 படுக்கை மருத்துவமனையைக் கட்டி நடத்த மூன்று தரப்பினர் முனைந்து நிற்கிறார்கள். ஒருவர் குறைந்த செலவில் முடிப்பதாகச் சொல்கிறார். இன்னொருவர் 20 படுக்கை கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர் 18 மாதத்தில் சாவியைக் கையில் கொடுப்பாராம். நல்ல போட்டிதான். ஆனால் இந்த மூன்றில் எதுவும் உள்ளே போகும் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. இப்போது நாங்கள் போய்வரும் மருத்துவமனையிலும் கட்டடத்துக்கோ ஸ்கேன் கருவிக்கோ குறையில்லை. எடுத்த ஸ்கேனைப் பார்த்து அறிக்கை எழுதத்தான் மாலை 5 மணிக்கு மேல் ஆளில்லை.

1999ஆம் ஆண்டின் கர்நாடக பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 16ஆம் பிரிவில், டெண்டர் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியை டெண்டரில் கலந்துகொண்டவருக்குத்தான் தருகிறது. குடியிருப்போருக்கு அது இல்லை. ஆகவே அறிவிப்பு வெளியாகும் முன்பே எழுதுகிறோம்.

தொழில்நுட்பத் தகுதியையும் விலையையும் தனித்தனி உறையில் வாங்கும் இரு உறை முறையில், விலை உறையைப் பிரித்ததும் பேச்செல்லாம் விலையைப் பற்றியே ஆகிவிடும். குறைந்த விலை போட்டவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? முகப்புக் கண்ணாடியில் பிடிக்க மாட்டார். சுவருக்குள் போகும் குழாயிலும் கேபிளிலும் தண்ணீர்த் தொட்டியிலும் சம்பளப் பட்டியலிலும் பிடிப்பார். கீழே சொல்பவை தொழில்நுட்ப உறையிலேயே தேர்ச்சி நிபந்தனைகளாக இருக்க வேண்டும், இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலை உறையைத் திறக்கவே கூடாது என்பது எங்கள் கோரிக்கை.

முதலில் ஆக்சிஜன். டி டைப் சிலிண்டர் ஒன்றில் 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது 11 மணி 40 நிமிடம் வரும். மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் செலுத்தும் கருவியில், முழு ஆக்சிஜனில், 2 மணி நேரம்கூட வராது. அப்படி 4 பேர் படுத்திருந்தால் ஓர் இரவின் 12 மணி நேரத்துக்கு 25 சிலிண்டர் வேண்டும். டெண்டரில் 10+10 மேனிஃபோல்டு (பத்துப் பத்தாகச் சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைக்கும் இரு வரிசை) போதும் என்று எழுதினால் விடியும் முன்பே காலியாகிவிடும். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் பிஎஸ்ஏ ஆலை இருக்கிறதே என்பார்கள். அது 93 சதவீதத் தூய்மையில் நன்றாகவே தரும், ஆனால் கரண்ட்டும் கம்ப்ரசரும் ஓடும் வரைதான். ஆகவே திரவ ஆக்சிஜன் தொட்டி முதல் ஆதாரமாகவும், பிஎஸ்ஏ இரண்டாவதாகவும், சிலிண்டர்கள் மூன்றாவதாகவும் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயு தரும் என்பதால் தொட்டிக்கு இடமும் அதிகம் பிடிக்காது. டேங்கர் லாரி உள்ளே வந்து திரும்பும் வழி மட்டும் வரைபடத்தில் இருக்க வேண்டும். சாமராஜநகர் மருத்துவமனையில் 2021 மே மாதம் ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் நோயாளிகள் இறந்ததைத் தங்கள் துறைக்கு நாங்கள் நினைவூட்டத் தேவையில்லை.

ஒப்படைக்கும் முன் வாயுக் குழாயில் அழுத்தம் ஏற்றி 24 மணி நேரம் அடைத்து வைத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒரே வாயுவைத் திறந்து, எந்தெந்தக் குழாய் முனையில் அது வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் குழாயும் நைட்ரஸ் ஆக்சைடு குழாயும் எங்காவது மாறியிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். இந்தச் சோதனையை ஒப்பந்தக்காரரின் ஆளே செய்து கையெழுத்துப் போடக் கூடாது.

தண்ணீர் இந்த ஊருக்கே உரிய தலைவலி. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 100 படுக்கை வரை ஒரு படுக்கைக்கு நாளுக்கு 340 லிட்டர் என்கிறது. 34,000 லிட்டர் வீதம் 3 நாளுக்கு 1,02,000 லிட்டர். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி டேங்கருக்குக் காத்திருந்த ஊரில் 3 நாள் சம்ப் என்பது ஆடம்பரமல்ல. இதில் டயாலிசிஸைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 4 மணி நேரச் சுற்று ஒன்றுக்குச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் 120 லிட்டர் போகும். ஆர்ஓ கழித்துத் தள்ளுவதையும் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு. காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆர்ஓ சவ்வு அதை முழுதாகத் தடுக்காது, முன்னால் இருக்கும் கரித்தூள் வடிகட்டிதான் பிடிக்க வேண்டும். கரி தீர்ந்துபோனால் குளோரமின் என்ற குளோரின் சேர்மம் நேராக நோயாளியின் ரத்தம் வரை போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீரில் குளோரின் எந்த வடிவிலும் இல்லை என்று ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சோதித்து, சுவரில் மாட்டிய அட்டையில் நேரத்தோடு எழுத வேண்டும். சில ரூபாய்ச் செலவுதான். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஜெனரேட்டரையும் மின் பலகையையும் அடித்தளத்தில் வைக்க அனுமதிக்காதீர்கள். 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் அடித்தளங்கள் என்ன ஆயின என்று ஊரே பார்த்தது. 250 கேவிஏ ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 50 லிட்டர் டீசல் குடிக்கும். 990 லிட்டர் தொட்டி 20 மணி நேரம்கூட வராது. ஜெனரேட்டர் கிளம்பிச் சுமை ஏற்க ஆகும் 10, 15 விநாடியைத் தாங்க வெண்டிலேட்டர்களுக்கும் தியேட்டருக்கும் தனி யுபிஎஸ் வேண்டும்.

ஆப்பரேஷன் தியேட்டரில் ஸ்பிளிட் ஏசி மாட்டி முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்ற வைக்கும். மணிக்கு 20 முறையாவது காற்று மாற வேண்டும், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக வர வேண்டும், அறைக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இதைப் பார்க்க நிபுணர்கூடத் தேவையில்லை. கதவடியில் மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்தால் அது வெளிப்பக்கம் அசைய வேண்டும். உள்ளே இழுத்தால் நடைபாதை அழுக்கெல்லாம் தியேட்டருக்குள் போகிறது என்று அர்த்தம்.

சாய்தளம் இல்லாமல் லிப்டை மட்டும் நம்பும் வரைபடத்தை நிராகரிக்க வேண்டும். ஒரு மாடி 3.6 மீட்டர் என்றால் 1:12 சரிவுக்கு 43 மீட்டர் நீளம் ஆகும். இவ்வளவு இடம் போகிறதே என்றுதான் முதலில் இதை வெட்டுகிறார்கள். நடைபாதை அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு நேரடியாக வெளியேறும் இரண்டாவது வழி கட்டாயம் வேண்டும். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாராவில் 10 சிசுக்கள் தீ விபத்தில் இறந்தது அத்தகைய பிரிவில்தான்.

கருவிகளின் விலையோடு 5 ஆண்டு உத்தரவாதத்துக்குப் பிந்தைய 5 ஆண்டு முழுப் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தே விலை உறையில் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனைக் கருவியை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மட்டுமே பொருந்தும் ரசாயனத்தை அவர்கள் வைத்த விலைக்கு விற்பது பழைய தந்திரம். ஒரு சோதனைக்கு ஆகும் மொத்தச் செலவைக் கேட்டால் அது வெளியே வந்துவிடும்.

ஆட்களைப் பற்றி: ஒரு செவிலியர் இடத்தை 24 மணி நேரமும் நிரப்ப ஒருவரோ மூவரோ போதாது. வாரத்துக்கு 21 ஷிப்ட், ஒருவர் பார்ப்பது 6. விடுப்பையும் சேர்த்தால் 4 முதல் 5 பேர் வேண்டும். காகிதத்தில் காட்டும் எண்ணிக்கையை நம்பாமல், மாதந்தோறும் பிஎஃப் செலுத்திய பட்டியலைப் பெற்று, அதில் உள்ள தலைகளை எண்ணிய பிறகே பணம் விடுவிக்கும்படி எழுத வேண்டுகிறோம். இரவு நேர மருத்துவர், மயக்கவியலர், ஸ்கேன் அறிக்கை எழுதுபவர் ஆகியோருக்கும் இதே விதி.

கழிவுகளை நிறவாரியாகப் பிரிப்பதும் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்காததும் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கின்றன. கழிவு வைக்கும் அறை சமையலறைக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இலவசப் படுக்கைகள் எத்தனை, இன்று எத்தனை காலி என்பதை நுழைவாயிலில் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் எழுதி வைக்க வேண்டும். டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் எங்கள் தரப்பில் இருவர் உட்கார்ந்து கேட்கவும், வரைவு நிபந்தனைகளை அறிவிப்புக்கு 15 நாள் முன்னதாகப் பார்க்கவும் அனுமதி தருமாறு வேண்டுகிறோம்.

கையெழுத்திடும் அனைவரும் படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதியுள்ளோம். இதன் கன்னடப் பிரதியும், ஆக்சிஜன் மற்றும் தண்ணீர்க் கணக்குத் தாளும், தெருவாரியான கையெழுத்துப் பட்டியலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் பகுதிக் குடியிருப்போர்