அம்மாவுக்கென்று ஒரு தனிப் பொதி

பெருமதிப்பிற்குரிய ஊர்த் தலைவர், தலதலா என்று நீங்கள் அழைக்கும் போதகர், ஊரார் அனைவருக்கும்,

ஃபிஜியின் தைலெவு மாகாணத்தில் உள்ள உங்கள் கிராமத்தில், கடந்த கிறிஸ்துமஸின்போது என் தாயாரையும் என்னையும் மூன்று நாள்கள் உறவினராகவே வைத்துப் பேணினீர்கள். அதற்கான எங்கள் நன்றியை இம்மடலில் தெரிவித்துக்கொள்கிறோம். இதன் ஆங்கில வடிவைத் தலைவருக்குத் தனியே அனுப்பியுள்ளேன்.

காவா பானம் தயாரிக்கும் யாங்கோனா வேரைத் தலைவர் முன் வைத்து ஊருக்குள் வர இசைவு கேட்கும் செவுசெவுச் சடங்கில், எங்கே அமர்வது, கோப்பையை வாங்குமுன் எப்படிக் கைதட்டுவது என்று அருகிலிருந்து சொல்லித்தந்த பெரியவருக்கு முதல் நன்றி. லாலி மரமுரசு ஒலித்ததும், பின்னால் நிற்கவிருந்த எங்களை ஆலயத்தின் முன்வரிசைக்கு அழைத்துச் சென்று, எந்த இசைக்கருவியும் இன்றிப் பல குரல்கள் ஒன்றுகூடி எழுந்த அந்தப் பாடலை அருகிலிருந்தே கேட்கச் செய்த பாடகர் குழுவினருக்கும் நன்றி.

ஆயினும் நான் நீண்ட நாள் நினைத்திருக்கப்போவது லோவோ என்னும் மண்ணடுப்புக் குழியைத்தான். விடியுமுன்னரே இளைஞர்கள் குழியில் விறகு அடுக்கிக் கற்களைப் பழுக்கக் காய்ச்சினார்கள். அவற்றின்மேல் பன்றி இறைச்சி, மீன், தாலோ என்னும் சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாவற்றையும் வைத்து, இலைகளாலும் மண்ணாலும் மூடினார்கள். சேம்பின் இளம் இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் சேர்த்துக் கட்டும் பலுசாமியில் டின் மாட்டிறைச்சி இடுவது வழக்கமாயிருந்தும், என் தாயார் புலால் உண்ணாதவர் என்று அறிந்த பெண்கள், அவருக்கென இறைச்சியில்லாத பொதிகளைத் தனியே கட்டி, கொழுப்பு சொட்டாத ஓரமாகப் பார்த்து வைத்தார்கள். நாங்கள் கேட்காமலே செய்தது அது. சேப்பங்கிழங்கை வறுவலாக மட்டுமே அறிந்திருந்த அம்மா, அதன் இலையில் இத்தனை ருசியா என்று கேட்டு மூன்று பொதிகளை உண்டார்.

மழையால் பேருந்து வராத அன்று எங்களைத் தம் வண்டியில் தலைநகர் சூவா வரை கொண்டுவந்து விட்ட ஓட்டுநருக்கும் கடமைப்பட்டுள்ளோம். 1903 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தென்னிந்தியர்களின் வழிவந்தவர் அவர். ஃபிஜி இந்தியில் பேசிவந்தவர், என் தாயாரை மட்டும் "அம்மா" என்றே அழைத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

விடைபெறும்போது நீங்கள் கொடுத்த தாழை ஓலைப் பாயில்தான் அம்மா இப்போது நாள்தோறும் மதியம் படுக்கிறார்.

உங்கள் மொழியில் மிக்க நன்றி: வினாகா வகாலெவு.

மிக்க நன்றியுடன்,
தாயும் மகனும்,
சூவா