பழைய பலகையின் மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து மது விடுதியின் வாசலில் தொங்கும் வெயில் தின்ற பழைய பலகையை அப்படியே வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவதா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடங்களுக்கு மேல் பிரஷ் பிடித்து போர்டு எழுதியவன் நான். படித்து முடித்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை.

விடுதிக்காரரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. சாலையில் போகிறவர் கண்ணில் பெயர் படவில்லை என்றால் பலகை எதற்கு? அவரைப் பழமையின் எதிரி என்று திட்டுவது நியாயமில்லை. பலகை முதலில் ஒரு வேலைக்காகத்தான் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், 1393-ல், மது காய்ச்சி விற்பவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று சட்டமே இருந்தது. எழுத்துத் தெரியாத ஜனங்களுக்காகத்தான் படம் வரைந்தார்கள். ரிச்சர்டின் சின்னம் வெள்ளைக் கலைமான். இன்றைக்கும் அந்த நாட்டில் ‘வெள்ளைக் கலைமான்’ என்ற பெயரில் எத்தனையோ விடுதிகள் இருக்கின்றன. ஒரு ராஜாவின் சின்னம் அறுநூறு வருடங்களாகச் சாலையோரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒரு பெயிண்டர் ஏணியில் ஏறி அதைத் திரும்ப வரைந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். ஆகவே, கை வைக்கவே கூடாது, விழும்வரை தொங்கட்டும் என்பவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மழையில் விட்டுவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

ஆனால் கட்டுரையின் கடைசியில் ஒரு யோசனை வருகிறது: பழைய பலகையைச் சுரண்டி, பட்டி பார்த்து, அதன் மேலேயே புதுப் படம் வரைந்துவிடலாமாம். செலவும் குறைவு, பலகையும் அதே பலகை என்கிறார்கள். இந்த யோசனைக்காகத்தான் இந்தக் கடிதம்.

அதே தவறை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் ஆன சமயம். ஒரு தங்கும் விடுதியின் மரப்பலகையைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். ஊதுவிளக்கால் பெயிண்டைச் சூடாக்கி, தகட்டால் வழித்துக்கொண்டே வந்தேன். பச்சைக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் வேறொரு எழுத்து, இப்போது யாரும் எழுதாத வளைவோடு, ஓரத்தில் மெல்லிய நிழல்கோடு போட்டு எழுதியது. ஒரு நிமிடம் கை நின்றது. அப்புறம், சாயங்காலத்துக்குள் பிரைமர் அடித்தாக வேண்டுமே என்று வழித்துப் போட்டுவிட்டேன். அந்தச் சுருள்கள் காலடியில் கிடந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்த எழுத்தை எழுதியவர் யாரென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் எழுதியதற்கு இருந்த ஒரே சாட்சியை அழித்தவன் நான்.

பழைய பலகை என்பது ஒரு படம் மட்டும் இல்லை, அடுக்கடுக்காகப் பல படங்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் வரலாற்றுச் சங்கம் (இப்போது அதன் பெயர் கனெக்டிகட் பண்பாட்டு, வரலாற்று அருங்காட்சியகம்) அறுபதுக்கும் மேற்பட்ட பழைய விடுதிப் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. விடுதி கைமாறும்போதெல்லாம் அவற்றில் பெயரும் வருடமும் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் முந்தையவரின் பெயர் எட்டிப் பார்க்கும். சுரண்டினால் இதெல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறம் போய்விட்டால் எழுத்தும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் காலத்துப் பெயிண்ட் ஆளிவிதை எண்ணெயில் ஈயவெள்ளை குழைத்துச் செய்தது. வெயிலில் எண்ணெய் செத்துப்போய் நிறம் பொடியாக உதிரும். தடவினால் சுண்ணாம்பு போல விரலில் ஒட்டும். ஆனால் எழுத்து இருந்த இடத்தில் பூச்சு கனமாக இருந்து மரத்தைக் காப்பாற்றியிருக்கும். சுற்றியிருக்கும் மரத்தைத்தான் மழையும் வெயிலும் அரித்திருக்கும். அதனால் நிறமே இல்லாத பலகையிலும் எழுத்து மேடாக நிற்கும். இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் வெறும் கட்டையாகத் தெரிந்தது வரி வரியாகப் படிக்கக் கிடைக்கும். உப்புத்தாள் முதலில் தேய்த்து எடுப்பது இந்த மேட்டைத்தான். ஈயம் கலந்த பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசி தேய்ப்பவருக்கும், பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் விஷம் என்பது தனி.

சரி, என்னதான் செய்வது? பழையதைக் கழற்றி உள்ளே வையுங்கள். அதே அளவில், அதே படத்தை, கையால் வரைந்த புதுப் பலகையாக வெளியே மாட்டுங்கள். இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. வேல்ஸ் நாட்டின் வடக்கே பெட்டுஸ்-ஒய்-கோய்ட் என்ற ஊரில் ‘ராயல் ஓக்’ என்று ஒரு விடுதி உண்டு. அங்கே அடிக்கடி வந்து தங்கிய நிலக்காட்சி ஓவியர் டேவிட் காக்ஸ், 1847-ல் அதற்கு ஒரு பலகை வரைந்து கொடுத்தார். 1849-ல் அவரே வந்து அதைத் திருத்தியும் தந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பலகையை வெளியிலிருந்து எடுத்து உள்ளே மாட்டிவிட்டார்கள். பின்னாளில் விடுதியை நடத்தியவர் திவாலானபோது பலகை யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. அது கட்டடத்தோடு சேர்ந்தது, கடன் கொடுத்தவர்கள் விற்றுக்கொள்ள முடியாது என்று தீர்ப்பானது. வெளியே மழையில் விட்டிருந்தால் வழக்குப் போடக்கூட அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நம் விடுதிப் பலகையை வரைந்தவர் காக்ஸ் மாதிரிப் பெயர் பெற்றவர் இல்லையே என்று கேட்பார்கள். காக்ஸ் பெயர் போட்ட படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெயர் போடாத பெயிண்டருக்கு இந்த ஒரு பலகையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

உள்ளே வைப்பதிலும் கவனம் வேண்டும். விடுதிக்காரர்கள் ஆசையாகக் கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டுவார்கள். அது வேண்டவே வேண்டாம். பல வருடம் ஈரத்தில் இருந்த மரம் திடீரென்று காய்ந்தால் குறுக்குவாட்டில் சுருங்கும். பெயிண்ட் அதோடு சேர்ந்து சுருங்காமல் பொருக்குப் பொருக்காக எழும்பிவிடும். சூடு இல்லாத அறையில் சில வாரங்கள் வைத்து மெதுவாகக் காயவிட்டு, வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டலாம். பளபளப்புக்காக வார்னிஷ் பூச வேண்டாம், எண்ணெய் தடவவும் வேண்டாம். உதிரும் இடங்களை ஒட்டவைக்க ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இது போர்டு பெயிண்டரின் வேலை இல்லை என்பதை ஒரு போர்டு பெயிண்டராகவே சொல்கிறேன்.

புதுப் பலகையைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள்தான். அதை வினைலில் அச்சடித்து ஒட்டாதீர்கள். கையால் எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். பின்பக்கத்தில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதச் சொல்லுங்கள். அடியில் தெரியும் வெட்டுமுனையில், அதாவது மரம் குறுக்கே அறுபட்ட இடத்தில், இரண்டு கை கூடுதலாகப் பூசச் சொல்லுங்கள். தண்ணீர் முதலில் ஏறுவது அந்த வழியாகத்தான். இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளக்கும். பித்தளைத் திருகு போடலாம்.

ஏணி வைப்பதற்கு முன்னால், தயவுசெய்து அந்தப் பலகையை இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பகலில் ஒரு முறை, இரவில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு முறை. எடுத்த படங்களை உங்கள் இதழில் வெளியிட முடியுமா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
போர்டு எழுதி ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்