ஆரத்தை அளந்தால் மழை பெருகிவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், குன்னூர் இரண்டு ஊர்களின் மாத மழையை ஒரே வட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விசிறி விசிறியாக வரைந்து தங்கள் நாளிதழில் வெளியிட்டிருந்தீர்கள். இந்த ஊர்களுக்கு இந்த வகைப் படம் பொருத்தம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா பக்கம் கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையே கைகொடுக்கும். பட்டை வரைபடத்தில் டிசம்பரோடு அறுந்துபோகும் இந்தச் சுற்று, வட்டத்தில் அறுவதில்லை. ஆனால் கணக்கு தப்பியிருக்கிறது.

மழையளவை அப்படியே ஆரமாக எடுத்திருக்கிறார்கள். கண் எடை போடுவது விசிறியின் பரப்பை. 100 மி.மீ.க்கு 1 செ.மீ., 400க்கு 4 செ.மீ. என்று வரைந்தால் பரப்பு 16 மடங்காகிறது. பெய்ததோ 4 மடங்குதான். எனவே வர்க்கமூலத்தைத்தான் ஆரமாக வைக்க வேண்டும். மழையளவின் வர்க்கமூலத்தை 5ஆல் வகுத்தால் செ.மீ.யில் ஆரம் கிடைக்கும்: 100க்கு 2, 225க்கு 3, 400க்கு 4, 900க்கு 6. ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். அளவு வளையங்களும் இதே கணக்கில்தான். 100, 200, 300, 400க்கான வளையங்கள் 2, 2.8, 3.5, 4 செ.மீ.யில் விழுந்து, வெளியே போகப் போக நெருங்கும். தங்கள் படத்தில் அவை சம இடைவெளியில் இருந்ததே தவறைக் காட்டிக்கொடுத்தது.

மாதத்துக்கு 30 பாகை. கோணமானியை 12 முறை நகர்த்தினால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். வட்டம் வரைந்த கவராயத்தின் அளவை மாற்றாமல் அதே ஆரத்தால் வட்டத்தைச் சுற்றி வெட்டினால் 6 புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு கோணத்தையும் இருசமமாக்கினால் 12.

அடுத்தது மேற்பொருந்தல். ஒவ்வொரு மாதத்திலும் பெரிய விசிறி அடியில், சிறியது மேலே. கூடலூர் முழுவதையும் தீட்டிவிட்டு அதன்மேல் குன்னூரைத் தீட்டினால், ஜூலை சரியாக வரும். நவம்பரில் குன்னூர் விசிறி கூடலூரை விழுங்கிவிடும். நிறத்தை மங்கலாக்கி இரண்டையும் காட்டலாமே என்றால், நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகி, அது எந்த ஊர் என்று வாசகர் தேடுவார். இரண்டும் சமமாக வந்துவிட்டால் குறிப்பு எழுதுவதைத் தவிர வழியில்லை. கிரிமியப் போர்ச் சாவுகளை 1858இல் இப்படி வரைந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலும், கறுப்பும் சிவப்பும் ஒன்றிப்போன மாதங்களைப் படத்திலேயே எழுதிக் காட்டினார். எல்லாப் பரப்பும் மையத்திலிருந்தே அளக்கப்பட்டவை என்றும் எழுதினார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், உள்விசிறி முடியும் இடத்திலிருந்து வெளிவிசிறி தொடங்குகிறது என்று பாதிப் பேர் படிப்பார்கள். தங்கள் படத்தில் அந்த வரி இல்லை.

கணினியில் வரைபவர்களுக்கு: விரிதாள் மென்பொருளில் உள்ள சிலந்திவலைப் படம் இதுவல்ல, அது புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது. பைத்தான் நிரல்மொழியில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பு, கொடுத்த எண்ணையே ஆரமாக எடுத்துக்கொள்ளும். வர்க்கமூலத்தை நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது வலப்பக்கம் தொடங்கி இடஞ்சுழியாக ஓடும். மாதங்கள் கடிகாரத்துக்கு எதிராகத் திரும்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் இந்தப் படம் ஆகாது. 380க்கும் 400க்கும் ஆரத்தில் 1 மி.மீ.தான் வித்தியாசம், பென்சில் கோட்டிலேயே மறைந்துவிடும். அங்கே பட்டை வரைபடம் போதும். உதகையின் உறைபனிக் கால வெப்பநிலையையும் இதில் வரைய முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே பரப்பு ஏது?

கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் அச்சிடும்போது ஓர் ஊருக்கு வெளிர் சாம்பல் நிரப்பலும், மற்ற ஊருக்குத் தடித்த விளிம்புக் கோடு மட்டுமாகவும் கொடுங்கள். அப்போது எது மேல், எது கீழ் என்ற சிக்கலே வராது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி.