பச்சைப் பிள்ளைக்கும் தைராய்டு பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹார்மோன்களின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1902-இல் லண்டனில் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரிடின் என்ற குடல் ஹார்மோனைக் கண்டறிந்ததையும், 1921-இல் டொராண்டோவில் நடந்த இன்சுலின் ஆராய்ச்சியையும் அருமையாக விளக்கியிருந்தார்கள். தைராய்டுக்கு மட்டும் இரண்டே வரி. காரைக்குடி வட்டாரத்தில் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள் என்பதால், விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு குறைந்து உடம்பு ஊதி மந்தமாகிவிட்ட 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அந்த அம்மாள் தேறி, அதன்பின் 28 ஆண்டுகள் உயிரோடிருந்தார். 1914-இல் அமெரிக்காவில் கெண்டால் அந்தச் சுரப்பியிலிருந்து தைராக்சின் என்ற ஹார்மோனைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அது மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொள்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பிறந்த பிள்ளைக்கும் அது தேவைப்படலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

உலக அளவில் சுமார் 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒன்று தைராய்டு சரியாகச் சுரக்காமல் பிறக்கிறது. நம் நாட்டில் இது இன்னும் கூடுதல். வயிற்றில் இருக்கும்போது தாயின் தைராக்சின் ஓரளவு கைகொடுப்பதால், பிறந்தவுடன் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. பார்க்க வரும் ஆச்சிமார், "அழவே காணோமே, சமத்துப் பிள்ளை" என்று மெச்சுவார்கள். தூங்கிக்கொண்டே இருக்கும், எழுப்பி எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் வடியாது. மலம் இறுகும், குரல் கம்மும், நாக்கு தடிக்கும், தொப்புள் பிதுங்கும். இதையெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் மூளை வளர வேண்டிய அருமையான வாரங்கள் போய்விடும். போனது திரும்பாது.

தாமதமாகத் தெரியவந்த ஒரு பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். கழுத்து நிற்கவும் உட்காரவும் அது பட்ட பாடு இன்னும் மனதை அறுக்கிறது. அந்தத் தாய் மேல் ஒரு குற்றமும் இல்லை. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்தால் போதும். பிறந்தவுடன் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) தானாகவே எகிறி நிற்கும் என்பதால்தான் இந்த இடைவெளி. கனடாவின் கியூபெக்கில் 1970-களிலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். குறை தெரிந்து முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும், ஓடும். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் புகட்டலாம். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

அரசு, தனியார் என்று பாராமல், யாரும் கேட்காமலேயே எல்லாப் பிரசவ வார்டிலும் இதைச் செய்ய வேண்டும். இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பினால், எப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தர வேண்டும். அதுவரை பேறுகாலத்துக்கு மகளை அழைத்து வந்திருக்கும் ஆயாக்கள், "தைராய்டு பார்த்தாச்சா?" என்று வாய் திறந்து கேளுங்கள். குழந்தை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற செவிலியர், கோட்டையூர்