107 என்றால் எவ்வளவு? தேர்வு முகமைக்கு ஒரு திறந்த மடல்

தேசியத் தேர்வு முகமையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் 22 வருடமாகக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வு பல ஷிஃப்டுகளில், ஒவ்வொன்றுக்கும் வேறு வினாத்தாளோடு நடக்கிறது. அந்த மார்க்குகளை ஒப்பிடுவதற்காகப் பர்சன்டைலாக மாற்றும் நார்மலைசேஷன் எதற்கு, எப்படி என்றெல்லாம் உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு ஷிஃப்டிலும் எந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பர்சன்டைல் என்ற அட்டவணையை வெளியிடுங்கள்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலை, என்னிடம் படிக்கும் ஒரு பையனின் அம்மா வந்தார். தையல் வேலை செய்பவர். கழுத்தில் இஞ்ச் டேப்பை மாட்டியபடியே வந்துவிட்டார். “சார், 96 வாங்கிட்டான்னு தெரு பூரா சொல்லிட்டேன். இப்ப அது மார்க்கே இல்லங்கிறான். அப்ப மார்க்குதான் எவ்வளவு?” என்றார்.

பையன் பின்னாலேயே நின்றான். கையில் அவன் குறித்த விடைகள் இருக்கும் ரெஸ்பான்ஸ் ஷீட், பென்சிலில் டிக்கும் பெருக்கல் குறியுமாக. 75 கேள்வியில் 31 சரி, 17 தப்பு, 27 தொடவில்லை. சரிக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒன்று; 124-இல் 17 போக 107. முந்நூற்றுக்கு நூற்றேழு. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இல்லைம்மா, 96 என்பது பர்சன்டைல், இவன் ஷிஃப்டில் எழுதினவர்களில் நூற்றுக்கு 96 பேர் இவனுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்று சொன்னதும் கொஞ்சம் மலர்ந்தது. 2025-இல் ஜனவரி, ஏப்ரல் இரண்டு அமர்வும் சேர்த்துச் சுமார் 14.75 லட்சம் பேர் எழுதினார்கள், அந்தக் கணக்கில் இவனுக்கு முன்னால் 59,000 பேர் நிற்பார்கள் என்றதும் மறுபடி சுருங்கியது. அப்புறம் பையன் கேட்டான்: “நான் மத்தியானம் எழுதினேன் சார். காலையில எழுதியிருந்தா இதே 107-க்கு என்ன வந்திருக்கும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் அட்டையில் 107 என்ற எண்ணே கிடையாது. கோச்சிங் சென்டர்கள் ‘மார்க்ஸ் வெர்சஸ் பர்சன்டைல்’ என்று போடும் பட்டியல்களைத் தேடினேன். மூன்று பட்டியல், மூன்று பதில். அவர்கள் தங்கள் மாணவர்களைக் கேட்டு ஊகித்துப் போடுகிறார்கள். ஊகிக்கத் தேவையே இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கஷ்டமான தாள் வந்த ஷிஃப்டில் எல்லோருக்கும் மார்க் குறையும். அதனால் மார்க்கை விட்டுவிட்டு இடத்தைப் பார்ப்பது தப்பான யோசனை இல்லை. 2025 ஜனவரியில் 10 ஷிஃப்டுகளில் 12.58 லட்சம் பேர் எழுதினார்கள். ஷிஃப்டுக்குச் சராசரியாக ஒன்றேகால் லட்சம். அவ்வளவு பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தால் ஒரு ஷிஃப்டில் மட்டும் கெட்டிக்காரர்கள் குவிந்துவிட மாட்டார்கள். சரி. குலுக்கல் சரியாக நடந்தது என்பதை நாங்கள் எதை வைத்து நம்புவது? அட்டவணை இருந்தால் பார்த்துக்கொள்வோம்.

குலுக்கல் சரியாகவே நடந்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சுலபமான தாளில் மேல் வரிசையில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அங்கே ஒரு கேள்வியில் கை தவறினால் நாலு மார்க் போய், மைனஸ் ஒன்றும் சேர்ந்து ஐந்து மார்க் நஷ்டம். அந்த ஐந்து மார்க்குக்குள் எத்தனையோ பேர் தாண்டிப் போய்விடுவார்கள். கஷ்டமான தாளில் அதே ஐந்து மார்க்குக்கு அவ்வளவு பேர் தாண்ட மாட்டார்கள். ஒரே வீட்டு இரட்டைப் பிள்ளைகள், ஒரே மாதிரி படித்தவர்கள், ஒரே மாதிரி ஒரு கேள்வியைக் கோட்டை விட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுதியவனுக்கு ஒரு தண்டனை, மத்தியானம் எழுதியவனுக்கு வேறு தண்டனை. ஒரு பர்சன்டைல் என்பது கிட்டத்தட்ட 14,750 ரேங்க். கால் பர்சன்டைல் சறுக்கினாலே கல்லூரியும் பிரிவும் மாறிவிடும்.

ஏழு தசம இடம் வரை போடுகிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நகைக்கடைத் தராசு கிராமுக்கு மூன்று தசமத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஒன்றேகால் லட்சம் பேர் இருக்கும் ஷிஃப்டில் ஒரு ஆள் என்பது 0.0008 பர்சன்டைல். ஐந்தாவது தசம இடத்துக்கு அப்பால் வருவதெல்லாம் வகுத்தலின் மிச்சம். இரண்டு ஷிஃப்டைச் சேர்ந்த இருவர் அந்தக் கடைசி இலக்கங்களில் மட்டும் வித்தியாசப்பட்டால், யார் முன்னே யார் பின்னே என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அன்றைக்கு எத்தனை பேர் தேர்வுக்கு வந்தார்கள் என்ற தலைக்கணக்குதான். ஒருவேளை காலைப் பனியில் பஸ்ஸைத் தவறவிட்ட யாரோ ஒருவன் என் மாணவனின் ரேங்கை மாற்றியிருக்கலாம். அவனுக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா?

பல ஷிஃப்டில் நடத்தாமல் வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீட் தேர்வை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே மத்தியானத்தில் பேனா பிடித்து எழுதிவிடுகிறார்கள். (2024-இல் 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்துத் திரும்பப் பெற்ற கதை தனி. ஒரே ஷிஃப்டும் சர்வரோக நிவாரணி இல்லைதான்.) முதுநிலை நீட்டை இரண்டு ஷிஃப்டில் நடத்தக் கூடாது என்று 2025 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது; ஆகஸ்ட் 3 அன்று ஒரே ஷிஃப்டில் நடந்தது. இரண்டு வினாத்தாள்கள் ஒரே அளவு கடினமாக இருக்கவே முடியாது என்று நீதிபதிகள் சொன்னதை என் ட்யூஷன் பிள்ளைகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஜே.இ.இ. விடைக்குறிப்பில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டக்கூட கேள்விக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும், அதுவும் திரும்ப வராது. இந்த மடலுக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஷிஃப்டில் நடத்துங்கள் என்றோ, எல்லா ஷிஃப்டுக்கும் பொதுவாகச் சில கேள்விகள் வைத்துக் கடினத்தை அளந்துபாருங்கள் என்றோ இன்றைக்குக் கேட்கவில்லை. அதற்குச் செலவும் காலமும் ஆகும் என்று தெரியும். அட்டவணைக்கு ஒரு பைசா செலவில்லை. கணக்குப் போடும்போதே அது உங்கள் கம்ப்யூட்டரில் உருவாகிவிடுகிறது. மைனஸ் 75-இல் தொடங்கி 300 வரை 376 வரிகள். பக்கத்தில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பர்சன்டைல் காட்டும் ஒரு நெடுவரிசை. மேலே அந்த ஷிஃப்டில் எழுதியவர்களின் எண்ணிக்கை. மதிப்பெண் அட்டையின் மூலையில் வாங்கிய மார்க்கையும் அச்சிட்டால் இன்னும் நல்லது.

அடுத்த ரிசல்ட்டோடு சேர்த்து இதை வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாவிடம் பதில் தேடிச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ட்யூஷன் வாத்தியார்,
மன்னார்குடி