மாரிக்கு முன் அத்தானுக்கு

ஒன்டாரியோ
ஒக்டோபர் 24

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் கோணேசப் பெருமான் துணை. ஆடியில் வந்த கடிதத்துக்கு ஐப்பசியில்தான் பதில் எழுதுகிறேன். அம்மா தபால்காரரைப் பார்த்தபடி வாசலில் இருந்தா என்று அக்கா எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிய, வாகனத்தில் பூட்டி இழுக்கிற சின்ன ட்ரெய்லர் வீட்டை எப்படிப் பராமரிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். ஃபைபர் போட் திருத்துகிற உங்களுக்கு மேலோட்டமாக எழுதினால் போதாது.

13 அடி நீளம், ஒற்றை அச்சு. மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, மேலே றப்பர் கூரை. இந்த வண்டிகளை ஓட்டம் கொல்வதில்லை, தண்ணீர்தான் கொல்கிறது. கூரை நடுவில் ஒழுகுவது குறைவு. மூலைப் பட்டி, காற்றுத் துவாரத்தின் விளிம்பு, யன்னல் சட்டம், பின்விளக்கின் திருகாணித் துளை, இவைதான் ஒழுக்கு தொடங்கும் இடங்கள். வெயிலிலும் குளிரிலும் அலுமினியமும் மரமும் ஒரே அளவாக விரிந்து சுருங்குவதில்லை. இடையிலுள்ள பசை இழுபட்டு வெடித்துவிடும். அந்தக் காலத்து மரத்தோணிக்கு வருடாவருடம் பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து பார்த்த மாதிரி இதற்கும் பார்க்கவேண்டும்.

முன்பு வைத்திருந்தவர் எல்லா மூட்டிலும் சிலிக்கன் பூசியிருந்தார். சிலிக்கன் பட்ட இடத்தில் வேறு பசை பிடிக்காது, புதுச் சிலிக்கன்கூடச் சரியாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, அல்ககோலால் துடைத்தெடுக்கவே நாலு நாள் போனது. பிறகு பட்டியைக் கழற்றி, அடியில் பியூட்டைல் ரேப் என்கிற பிசுபிசுப்பான அடைப்பு நாடாவை ஒட்டி, திருகாணிகளை இறுக்கினேன். அடுத்த நாள் ரேப் பிதுங்கி இடம் விட்டிருக்கும். இன்னொரு முறை இறுக்கினால்தான் அடைப்பு நிற்கும். றப்பர் கூரையைப் பெற்றோலாலோ தின்னராலோ துடைக்கக்கூடாது, ஊதிவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

பக்கத்துக் காணிக் கிழவர் முந்தி லொறி ஓட்டியவர். அதிகம் கதைக்கமாட்டார். திருப்புளியின் பிடியால் சுவரையும் தரையையும், நம் அம்மா பலாப்பழம் தட்டுகிற மாதிரி, தட்டிக்கொண்டே போவார். மந்தமாகக் கேட்ட இடத்தில் மரம் உக்கியிருந்தது. கட்டில் மூலையில் ஒரு சாண் பலகையை, நல்ல மரம் தெரியும்வரை வெட்டி மாற்றினோம். ஈரம் காயாமல் மூடினால் புதுப்பலகையும் உக்கும்.

சில்லுப் பெயரிங்கை வருடத்துக்கு ஒரு முறை கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கிறீஸ் அடைக்கவேண்டும். சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் திருகி, நட்டு கழன்றுவிடாமல் தடுக்கிற கொட்டர் பின் போடவேண்டும். கூட இறுக்கினால் சூடேறி எரிந்துவிடும். நிலாவெளியில் புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றுகிறவர்களில் ட்ரெய்லரில் போட் இறக்குவோருக்கும் ஒன்று சொல்லுங்கள். சூடான சில்லைக் கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி உப்புத்தண்ணீரை உறிஞ்சும். ஆறவிட்டு இறக்கட்டும்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. பூ தேயாவிட்டாலும் ஆறு வருடத்துக்குமேல் நம்பவேண்டாம்.

புதிதாகப் போட்டது 100 வோட் சூரியத் தகடும் ஒரு பட்டரியும். ஈயப் பட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், 12.2 வோல்ட் காட்டினால் நிறுத்துவேன். லித்தியம் பாரம் குறைவுதான். ஆனால் 0 பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பழுதாகும். இந்த ஊருக்கு அது இப்போதைக்குச் சரிவராது.

இங்கே காஸ் புரொப்பேன். நம் ஊரில் கலந்திருக்கும் பியூட்டேன் 0 பாகைக் குளிரில் போதிய அளவு ஆவியாகாது, அடுப்புச் சரியாகப் பற்றாது. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் மூட்டில் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கிறேன். காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்கிற அலாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அம்மா பயப்படவேண்டாம்.

தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 வீதம் பெருத்துக் குழாயை வெடிக்கவைக்கும். போன கிழமை தாங்கியையும் சுடுநீர்க் கலத்தையும் வெறுமையாக்கி, இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஏற்றினேன். கார் ரேடியேற்றருக்கு ஊற்றுவது நஞ்சு, அதைக் குடிதண்ணீர்க் குழாயில் விடக்கூடாது. இனிச் சித்திரைவரை 20 லீட்டர் கானில்தான் தண்ணீர். அறையை விட்டு இதில் குடியேறியது வேலைக்குக் கிட்ட என்பதால்தான், அக்காவுக்கு வேறு யோசனை வேண்டாம். சோறு வடித்தால் ஆவி யன்னலெல்லாம் ஊறுகிறது. கூரைத் துவாரத்தை இரண்டு விரல் திறந்துவைத்துத்தான் சமைக்கிறேன்.

நேற்று இரவு வெளி அலுமினியத் தகட்டில் மழை கொட்டியது. நம் குசினித் தகரத்தில் விழுகிற அதே சத்தம். அரைத்தூக்கத்தில், வாளியை எடுத்து ஒழுகிற இடத்தில் வை என்று அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்தது. எழுந்து குந்திவிட்டேன். பிறகு நித்திரை வரவில்லை.

அதனால் வீட்டுக் கூரை விஷயம். மாரி பிடிப்பதற்குள் ஓடு முழுவதையும் மாற்ற வேண்டாம் அத்தான். முகட்டோட்டுச் சாந்தையும் இரண்டு கூரை சேருகிற பீலியையும் பாருங்கள், ஒழுக்கு அங்கேதான் இருக்கும். அதற்குரிய காசு இந்த மாதக் கடைசியில் வரும். மீதியைத் தை பிறந்ததும் அனுப்புகிறேன், கடைக்காரரிடம் அதுவரை தவணை கேளுங்கள். அப்பாவின் திவசச் செலவை அதில் எடுக்கவேண்டாம், தனியாக அனுப்புவேன். அம்மாவைக் கண் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப்போங்கள், தனியே பஸ்ஸில் விடாதீர்கள். சின்னவளின் சோதனை முடிவையும் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மச்சான்