பூட்டியின் பெயர்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள சாந்தி,

உன் கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. பிள்ளை அப்படியே உன் அம்மா, அந்த நாடி கூட. நான் சுகம். மழை வந்தால் முழங்கால் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

இரவில் நான் இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? பூட்டனைத் தேடுகிறேன். அம்மம்மாவின் அப்பா மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவர் என்று சின்ன வயதில் கேட்டதோடு சரி. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அவருடைய ஒரே படமும் வீட்டுப் பெட்டியோடு போய்விட்டது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருப்பதை மகன்தான் காட்டித் தந்தான். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் இருந்து எத்தனையோ பத்திரிகைகள். ஒரு சதம் கட்டத் தேவையில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் அகப்படவில்லை. பெயர்தான் தொல்லை. கந்தையா என்று நாங்கள் ஒரே மாதிரி எழுதுவோம். ஆங்கிலத்தில் அதை கே போட்டும் எழுதுவார்கள், சீ போட்டும் எழுதுவார்கள், நடுவில் ஒரு ஏ கூடும், குறையும். மங்கிய அச்சைக் கணினி வாசிக்கும்போது இன்னும் இரண்டு எழுத்து மாறிவிடும். குடும்பப் பெயரும் எங்களுக்குக் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். கடைசியில் பெயரை விட்டுவிட்டு ஊரையும் வேலையையும் போட்டுத் தேடினேன். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கில் இருந்துதானே ஓடியது, அங்கே தொடங்கினேன். வந்துவிட்டார்! இடமாற்றத்தில் போகிறவருக்கு ஸ்டேஷனில் தேநீர் விருந்து, மாலை போட்டார்களாம். நாலே வரி. எத்தனை தரம் வாசித்திருப்பேன்! இங்கே கரையோர ரயில் போகும் சத்தம் கேட்டாலே இப்போது அவர் ஞாபகம்தான்.

அவர்தான் என்று என்ன நிச்சயம் என்பாய். ஒரு கல்வெட்டு சொன்னது. ஒருவர் இறந்து 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுப்போமே, முன்னால் தேவாரம், பின்னால் வம்சாவளி, அதுதான். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் அப்படி நிறைய ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய வேலை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்ததைப் பார்த்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். பூட்டனின் தம்பி வழியில் யாரோ ஒருவருடைய கல்வெட்டு. அதில் பூட்டனின் பெயர், பக்கத்தில் தைப்பிங் என்று ஊர்.

ஆனால் சாந்தி, அதில் பூட்டி இல்லை. பூட்டனிலிருந்து இறங்கும் கோட்டில் நாலு ஆண்பிள்ளைகளின் பெயர், ஐந்தாவதாக ‘பெண்’ என்று ஒரு சொல். அந்தப் ‘பெண்’ என் அம்மம்மா! தொண்டை அடைத்துவிட்டது. பத்திரிகையிலும் மிஸஸ் போட்டுப் பூட்டனின் பெயர்தான்.

சரி, இணையத்தில் இல்லாததை ஊரில் கேட்டுப் பார்ப்போம் என்று சங்கானையில் இருக்கும் பெரியம்மாவின் மகளிடம் சொன்னேன். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழைய சீதன உறுதி, காணி எழுதிக் கொடுத்த பத்திரம். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் சீதனக் காணி பெண்ணுக்குத்தானே, அவள் பெயரை எழுதாமல் நொத்தாரிசு உறுதி முடிக்க முடியாது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரம் பூச்சி அரித்த தாள். பரப்பு நாலு, கிழக்கே ஒழுங்கை. அதற்கு மேல், கந்தையாவுக்கு விவாகம் செய்து கொடுக்கும் மகள் வள்ளிப்பிள்ளைக்கு என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம். படத்தைப் பெரிதாக்கினேன். ரேகை தெரிந்தது.

அடுத்த மாதம் ஆவணக் காப்பகத்துக்கும் போகப் போகிறேன். ஒல்லாந்தர் காலத் தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், அங்கே இருக்கின்றன. கொழும்பில் இருப்பதில் இது ஒரு வசதி.

அப்புறம், உன் அம்மாவின் தகரப்பெட்டி உன்னிடம்தானே? உறுதி, கல்வெட்டு எது இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் வைத்து ஃபோனில் எடு. மடிப்பை அழுத்தி நிமிர்த்தாதே, கிழிந்துவிடும். போட்டோக்களின் பின்பக்கத்தையும் எடு, பெயரை அங்கேதான் எழுதி வைப்பார்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியை மட்டும் இணையத்தில் போட்டுவிடாதே. உன் மாமிக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே வவுனியாவுக்குப் போய் அவவோடு இருந்து கதை.

உன் பூட்டியின் பெயர் என்ன? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாலா